யார் சோதித்துக் கொடுத்த பட்டம்?



முனைவர் பட்டங்களின் வகைகளைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பட்டியல் போட்டுச் சொன்னால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வீட்டுக்குப் போவதற்குள் மறந்தும் போய்விடும். ஆகவே ஒரே ஒரு மனிதரின் பெயரை எடுத்துக்கொள்கிறேன். நம் ஊர்களில் அண்ணல் அம்பேத்கரின் சிலைப் பீடத்தில் அவர் பெயரை அடுத்து எம்.ஏ., பிஎச்.டி., எம்.எஸ்சி., டி.எஸ்சி., எல்எல்.டி., டி.லிட்., பார்-அட்-லா என்று பொறித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சுப் போட்டியில் பிள்ளைகள் அதை ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள். அந்த வரிசையில் நான்கு முனைவர் பட்டங்கள் இருக்கின்றன. நான்கும் ஒரே வழியில் வந்தவை அல்ல. பிஎச்.டி. நியூயார்க்கின் கொலம்பியாவில் எழுதிப் பெற்றது. டி.எஸ்சி. லண்டனில் எழுதி, திருப்பி அனுப்பப்பட்டு, மீண்டும் எழுதிப் பெற்றது. எல்எல்.டி.யும் டி.லிட்.டும் பல்கலைக்கழகங்கள் தாமே முன்வந்து அணிவித்தவை. பட்டத்தின் எழுத்துகளைவிட, யார் சோதித்தார்கள், எதை முன்னே வைத்துச் சோதித்தார்கள், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு இருந்ததா என்ற மூன்று கேள்விகளே முக்கியம் என்பது என் கருத்து. நான்கு பட்டங்களையும் இந்தக் கேள்விகளோடு பார்க்கலாம்.

முதலில் கொலம்பியா. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த உதவித்தொகையில் 1913இல் அம்பேத்கர் அங்கே போனார். 1915இல் எம்.ஏ. முடித்தார். பொருளியல் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவருடைய நெறியாளர். அமெரிக்கப் பிஎச்.டி.க்கு அன்றும் இன்றும் இரண்டு பகுதிகள் உண்டு. முதலில் வகுப்பில் உட்கார்ந்து பாடம் படித்துத் தேற வேண்டும். அதன் பிறகே ஆய்வேடு. இந்த முறைக்கு வேர் ஜெர்மனியில் இருக்கிறது. ஐரோப்பாவின் இடைக்காலப் பல்கலைக்கழகங்களில் டாக்டர் பட்டம் என்பது கற்பிக்க உரிமம். பழைய நூல்களைத் துறைபோகக் கற்றவர் என்பதற்குச் சான்று. 1810இல் பெர்லினில் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட்டின் முயற்சியில் பல்கலைக்கழகம் எழுந்த பிறகுதான், இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைக் கண்டு சொல் என்ற கட்டளை பட்டத்தின் மையத்துக்கு வந்தது. அமெரிக்க இளைஞர்கள் அதைத் தேடி ஜெர்மனிக்குக் கப்பல் ஏறினார்கள். 1861இல் யேல் முதன்முதலாக மூன்று பேருக்குப் பிஎச்.டி. கொடுத்து அதை அமெரிக்க மண்ணில் ஊன்றியது.

அந்தக் காலத்துக் கொலம்பியாவில் ஒரு விதி இருந்தது. ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் ஏற்றுக்கொண்டால் மட்டும் போதாது. அதை நூலாக அச்சிட்டு, படிகளைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்த பிறகே பட்டம். அறிவு அலமாரியில் பூட்டி வைப்பதற்கு அல்ல, ஊரார் எடுத்துப் படித்து மறுக்கவும் வேண்டும் என்பது அதன் பொருள். நல்ல விதிதான். ஆனால் அச்சுக்கூலி மாணவன் தலையில்! 1916இல் லண்டனுக்குப் போன அம்பேத்கருக்கு அடுத்த ஆண்டே உதவித்தொகை நின்றது. படிப்பைப் பாதியில் விட்டு 1917இல் ஊர் திரும்பினார். அவர் வந்த கப்பல் கரை சேர்ந்தது. அவருடைய நூல்களும் பெட்டிகளும் வேறு கப்பலில் வந்தன. அதை முதல் உலகப்போரில் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. ஓர் ஆராய்ச்சி மாணவனுக்கு இதைவிடப் பெரிய இழப்பு என்ன இருக்க முடியும்? பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி வளர்ந்த வரலாற்றைப் பற்றிய அவருடைய நூல், செலிக்மனின் முன்னுரையோடு லண்டனில் பி. எஸ். கிங் நிறுவனத்தின் பதிப்பாக வெளிவந்தது 1925இல். கொலம்பியா பிஎச்.டி. பட்டத்தை முறைப்படி வழங்கியது 1927இல். நூலை அவர் சாயாஜிராவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார்.

இரண்டாவதாக லண்டன். இங்கே ஆங்கிலேயரின் பழைய வழக்கத்தைச் சற்று விளக்க வேண்டும். பிரிட்டனில் நெடுங்காலம் பிஎச்.டி. என்ற பட்டமே கிடையாது. லண்டன் பல்கலைக்கழகம் 1860இல் டி.எஸ்சி.யைத் தொடங்கியது, டி.லிட்., எல்எல்.டி. போன்றவையும் இருந்தன. இவை மேல்நிலைப் பட்டங்கள். ஆராய்ச்சிக்குள் நுழையும் இளைஞனுக்கு என்று தனிப் பட்டம் இல்லை. ஜெர்மனிக்குப் போய்க்கொண்டிருந்த வெளிநாட்டு மாணவர்களைத் தங்கள் பக்கம் திருப்ப வேண்டும் என்று எண்ணி, முதல் உலகப்போரின் நடுவே 1917இல் ஆக்ஸ்போர்டு டி.ஃபில். என்ற பெயரில் அதைத் தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் கேம்பிரிட்ஜும் லண்டனும் பிஎச்.டி.யை ஏற்றுக்கொண்டன.

இது நம்மோடு தொடர்புடைய செய்தியும்கூட. கும்பகோணத்திலும் சென்னையிலும் கல்லூரித் தேர்வில் தேறாமல் போன ராமானுஜன் கேம்பிரிட்ஜில் 1916 மார்ச்சில் பெற்ற பட்டம் என்ன தெரியுமா? ஆராய்ச்சி வழி பி.ஏ. உயர் பகு எண்களைப் பற்றிய அவருடைய நீண்ட கட்டுரைக்காகக் கிடைத்தது. பிஎச்.டி. இல்லாத காலத்தில் அந்த இடத்தை நிரப்பிய பட்டம் அது. அவரைப் பற்றி எழுதும் சிலர், பி.ஏ.தானா என்று குறைத்து மதிப்பிடுவார்கள். வேறு சிலர் பிஎச்.டி. என்றே எழுதிவிடுவார்கள். இரண்டும் வேண்டாம். கேம்பிரிட்ஜ் அன்று ஓர் இளம் ஆய்வாளருக்குத் தேர்ந்து கொடுக்கக்கூடியதைக் கொடுத்தது. 1918இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது.

அம்பேத்கர் கோல்ஹாப்பூர் சாகு மகாராஜா முதலியோரின் உதவியோடும் சொந்தச் சேமிப்போடும் 1920இல் லண்டனுக்குத் திரும்பினார். 1921இல் எம்.எஸ்சி. பெற்றார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை 1922இல் டி.எஸ்சி.க்குக் கொடுத்தார். ரூபாயைத் தங்கத்தோடு நேரடியாகப் பிணைக்காமல், லண்டனில் வைத்த இருப்பைக் காட்டி மாற்று விகிதத்தைக் காக்கும் முறையை அன்றைய அரசு நடத்திவந்தது. ஜான் மேனார்டு கெய்ன்ஸ் 1913இல் எழுதிய நூலில் அந்த முறையைச் சிறந்தது என்று வாதிட்டிருந்தார். அம்பேத்கர் அதை மறுத்தார். பணத்தை எவ்வளவு வேண்டுமானாலும் வெளியிடும் வசதியை அந்த முறை அரசுக்குத் தருகிறது, அதனால் விலைவாசி ஏறி எளிய மக்களின் கூலி தேய்கிறது என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

தேர்வாளர்கள் அதை அப்படியே ஏற்கவில்லை. திருத்தி எழுதித் தரச் சொன்னார்கள். அவருடைய கையில் பணம் தீர்ந்திருந்தது. 1923இல் பம்பாய்க்குத் திரும்பி, அங்கிருந்தபடியே திருத்தி அனுப்பினார். அந்த ஆண்டின் இறுதியில் ஆய்வேடு ஏற்கப்பட்டது; நூலாகவும் வந்தது. அதற்கு முன்னுரை எழுதிய நெறியாளர் எட்வின் கேனன், மாணவரின் கருத்துகள் சிலவற்றில் தமக்கு உடன்பாடு இல்லை என்பதை மறைக்கவில்லை. தவறு என்று தாம் எண்ணிய இடத்திலும் அந்தச் சிந்தனையின் புதுமை தம்மை ஈர்த்ததாக எழுதினார். நெறியாளர்களாக இங்கே அமர்ந்திருக்கும் நண்பர்கள் அந்த முன்னுரையை ஒருமுறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தன்னோடு உடன்படாத மாணவனைத் தாங்கிப் பிடிக்கும் ஆசிரியர் அதில் இருக்கிறார். 1925இல் இந்திய நாணயம் பற்றி விசாரிக்க வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அம்பேத்கர் சாட்சியம் சொன்னபோது, அவர் பின்னால் நின்றது இந்த ஆய்வுதான்.

ஆண்டுகளைக் கவனியுங்கள். மேல்நிலைப் பட்டமான டி.எஸ்சி. 1923; அதற்கு முந்தைய படியான பிஎச்.டி. 1927 ஜூன். 1927 மார்ச்சில் தீண்டாமையை எதிர்த்து மகாட் குளத்தில் இறங்கித் தண்ணீர் எடுத்துக் குடித்தபோது அவர் பெயருக்கு முன்னே இருந்த டாக்டர், லண்டன் தந்தது. இரண்டு பெரும் பல்கலைக்கழகங்கள் உட்காரவைத்துச் சோதித்த மனிதருக்குப் பொதுக் குளத்தில் ஒரு கை தண்ணீருக்கு உரிமை இல்லை என்றது அன்றைய ஊர்.

திருத்தி எழுது என்ற தீர்ப்பைப் பற்றி இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். என்னிடம் ஆய்வு செய்த ஒரு மாணவி, குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா செங்கல் சூளையில் வேலை செய்தவர். ஆய்வேட்டைக் கருநீல ரெக்சினில் கட்டி, பொன்னிற எழுத்தில் பெயர் பொறித்து, பிரித்தால் அழுக்காகிவிடும் என்று பாலிதீன் உறையோடே கொண்டுவந்து சமர்ப்பித்தார். சில மாதம் கழித்து வெளித்தேர்வாளர் ஒருவரின் அறிக்கை வந்தது: மூன்றாம் இயலின் முடிவுகளுக்குத் தரவு போதாது, திருத்தித் தருக. அந்தப் பெண் அன்று துறையின் மாடிப்படியில் உட்கார்ந்து அழுததைப் பார்த்தேன். சார், ஊரில் போய் என்ன சொல்வேன், ஃபெயில் என்றுதானே நினைப்பார்கள் என்றார். நான் அவருக்கு 1923ஐச் சொன்னேன். பிறகு இருவரும் அந்த அறிக்கையை வரிவரியாகப் படித்தோம். தேர்வாளர் ஆய்வேட்டின் ஒவ்வொரு அட்டவணையையும் கூட்டிப் பார்த்திருந்தார். ஓரிடத்தில் கூட்டுத்தொகைப் பிழையைக்கூடச் சுட்டியிருந்தார். நெறியாளனாகிய நானே அவ்வளவு நுணுக்கமாகப் படித்திருப்பேனா என்று எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணின் உழைப்பை மிகவும் மதித்தவர் அவர்தான். வாய்மொழித் தேர்வு நாளன்று, மூன்றாம் இயல் பற்றிய கேள்விக்கு அந்தப் பெண் சொன்ன பதிலில் இருந்த உறுதி, முதல் வடிவத்தோடு வந்திருந்தால் இருந்திருக்காது.

இனி, மூன்றாவதும் நான்காவதும். 1952 தொடக்கத்தில் நடந்த முதல் பொதுத்தேர்தலில் அம்பேத்கர் வடக்கு பம்பாய்த் தொகுதியில் தோற்றார். அதே ஆண்டு ஜூனில் கொலம்பியா அவரை அழைத்து எல்எல்.டி. பட்டம் வழங்கியது, அரசமைப்புச் சட்டத்தை வரைந்த பணியை முன்னிட்டு அளித்த சிறப்பு அது. 1953இல் ஐதராபாத்தின் உஸ்மானியா பல்கலைக்கழகம் டி.லிட். வழங்கியது. இவை மதிப்புறு பட்டங்கள். விண்ணப்பம் இல்லை, ஆய்வேடு இல்லை, வாய்மொழித் தேர்வு இல்லை. பல்கலைக்கழகம் ஒருவருடைய வாழ்நாள் பணியை எடை போட்டுத் தானே முடிவெடுக்கிறது.

ஆய்வேடு இல்லை என்பதற்காக இதைத் தாழ்ந்த பட்டம் என்று யாரும் எண்ணக் கூடாது. உ.வே. சாமிநாதையர் கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். 1887இல் சீவக சிந்தாமணி, 1894இல் புறநானூறு என்று ஏடுகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்துக்கொண்டே போனார். 1932இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு டாக்டர் பட்டம் அளித்தபோது, அவருடைய பதிப்புகளைப் பாடமாகப் படித்தவர்களே அந்த அவையில் தேர்வாளர் நிலையில் இருந்தார்கள் எனலாம். பிஎச்.டி. இல்லாத சி.வி. ராமன் 1930இல் நோபல் பரிசு வாங்கினார். ஆய்வுப் பட்டம் சான்று. ஆய்வு அதற்கு முன்பே இருக்கும், அது இல்லாமலும் இருக்கும்.

ஆனால் மதிப்புறு பட்டத்தில் மறுக்கும் உரிமை பெற்ற தேர்வாளர் யாரும் இல்லை. அந்த ஓட்டையில்தான் இன்று வணிகம் நுழைந்திருக்கிறது. நகரத்து விடுதியின் குளிரூட்டிய அரங்கில், வாடகைக்கு எடுத்த அங்கியும் தொப்பியும் போட்டு, கேள்விப்படாத பல்கலைக்கழகத்தின் பெயரால் பணம் கட்டியவர்களுக்கு டாக்டர் பட்டம் தருகிறார்கள். மறுநாள் தெருமுனையில் ஃபிளெக்ஸ் நிற்கிறது. 1956ஆம் ஆண்டுப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 22ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது: மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவற்றைத் தவிர வேறு யாரும் இந்நாட்டில் பட்டம் வழங்க முடியாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை மானியக் குழுவே வெளியிடுகிறது. உள்ளூரில் நல்ல காரியங்கள் செய்யும் பெரியவர்கள் பலர் இந்த வலையில் ஏமாந்து விழுகிறார்கள். அவர்களை அழைத்து எச்சரிக்கும் கடமை நம்மைப் போன்ற ஆசிரியர்களுக்கு இருக்கிறது.

டி.எஸ்சி., டி.லிட். இரண்டிலும் ஒரு குழப்பம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் ஒரே எழுத்துகள் இரு வழியாக வரும். பிஎச்.டி.க்குப் பின் பல ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கொடுத்துத் தேர்வாளர் மதிப்பீட்டில் தேறுவது ஒரு வழி. மதிப்புறு பட்டமாகப் பெறுவது மற்றொன்று. தகுதிக் குறிப்பில் டி.லிட். என்று மட்டும் இருந்தால் எந்த வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலைப் பீடத்தில் இருக்கும் பார்-அட்-லா இந்தக் கணக்கில் சேராது. அது லண்டனின் கிரேஸ் இன் சட்டக் கழகத்தின் வழியாக 1922இல் அவர் பெற்ற வழக்கறிஞர் தகுதி.

அம்பேத்கரின் பெயரில் இல்லாத ஒரு வகையையும் தொட்டுவிடுகிறேன். தொழில்சார் பட்டங்கள். பெற்றோர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். நம் ஊரில் எம்.பி.பி.எஸ். படித்தவரை டாக்டர் என்கிறோம். பட்ட வரிசையில் அது இளநிலை. எம்.டி., எம்.எஸ். அதற்கு மேல் மூன்றாண்டுப் பட்டமேற்படிப்பு, டி.எம்., எம்.சிஎச். அதற்கும் மேலே. அமெரிக்காவிலோ ஏதோ ஒரு பட்டப்படிப்பு முடித்துவிட்டு மருத்துவக் கல்லூரியில் நான்கு ஆண்டு படித்து வாங்கும் முதல் மருத்துவப் பட்டமே எம்.டி. பிரிட்டனில் எம்.டி. என்பது மருத்துவர் ஆன பிறகு ஆய்வேடு எழுதிப் பெறுவது. அங்கே அறுவை மருத்துவர்கள் டாக்டர் என்பதை விட்டு மிஸ்டர் என்று போட்டுக்கொள்வது மரபு. அமெரிக்க வழக்கறிஞர்களின் ஜே.டி. பட்டமும் தொழில் நுழைவுக்கான படிப்புதான். இந்தியாவில் 2008இல் வந்த ஃபார்ம்.டி. பயிற்சியாண்டு உட்பட ஆறாண்டுப் படிப்பு. இவற்றில் சோதிக்கப்படுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. ஓர் உயிரை, ஒரு வழக்கை, ஒரு மருந்துச் சீட்டை நம்பி ஒப்படைக்கத் தகுந்த திறன். அந்தச் சோதனை எந்த ஆய்வேட்டுக்கும் குறைந்தது அல்ல. எம்.டி.யையும் பிஎச்.டி.யையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பதில் பயன் இல்லை.

கடைசியாக, இங்கே இருக்கும் ஆய்வு மாணவர்களின் பட்டம். மானியக் குழுவின் 2022 விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் உடற்குறை உள்ளவர்களுக்கும் மேலும் இரண்டு ஆண்டு சலுகை. மகப்பேற்று விடுப்பு 240 நாள் வரை. எம்.ஃபில். நின்றுவிட்டது. ஆய்வேடு கொடுக்கும் முன் இதழில் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயமும் நீங்கியது. அந்தக் கட்டாயம் என்னென்ன கேடு செய்தது என்பதை நாம் எல்லோரும் பார்த்தோம். பணம் கட்டினால் வாரத்தில் கட்டுரை போடும் இதழ்கள் அதை நம்பித்தான் கடை விரித்தன. 2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட், செட், ஸ்லெட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி, பிஎச்.டி. கட்டாயம் இல்லை. வேலைக்காக மட்டும் பதிவு செய்தவர்களுக்கு இது வருத்தமாக இருக்கலாம். எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு கேள்வி உறக்கத்தைக் கெடுத்ததால் ஆய்வுக்கு வரும் பிள்ளைகளுக்கு இனி நெறியாளர்களின் நேரம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும்.

அதே 2022 விதிகளில் மற்றொன்றும் இருக்கிறது. ஆய்வேட்டை வெளித்தேர்வாளர் இருவராவது மதிப்பிட வேண்டும். ஒருவர் நிராகரித்தால் வேறொருவருக்கு அனுப்ப வேண்டும். அவரும் ஏற்காவிட்டால் ஆய்வேடு தள்ளுபடி. பட்டம் அறிவிக்கும் முன் மின்படியைப் பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிளிப்நெட் மையத்துக்கு அனுப்ப வேண்டும். அது சோத்கங்கா தளத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி ஏறும். கொலம்பியா அன்று அச்சுக்கூலியை மாணவன் தலையில் கட்டிக் கேட்டதை இன்று நாம் காசில்லாமல் செய்கிறோம். இது பெரிய முன்னேற்றம்.

ஆனால் ஆய்வேடு மட்டும் வெளியே வருகிறது. தேர்வாளர் என்ன எழுதினார் என்பது தேர்வுத்துறையின் கோப்பிலேயே கிடக்கிறது. கூட்டுத்தொகைப் பிழை வரை பார்த்தவரின் அறிக்கையும், ஆய்வேட்டைப் பிரிக்காமலேயே நான்கு வரியில் சிறப்பாக உள்ளது, பட்டம் வழங்கலாம் என்று எழுதியவரின் அறிக்கையும் ஒரே அலமாரியில் உறங்குகின்றன. வாய்மொழித் தேர்வில் அறிக்கையை வாசிப்பார்கள் என்றாலும், அன்று அங்கே இருக்கும் சிலரைத் தவிர மற்றவர்களுக்கு அது எட்டுவதில்லை. ஆகவே துணைவேந்தர்களுக்கும் ஆட்சிமன்றக் குழுக்களுக்கும் என் வேண்டுகோள் இது: மாணவரின் இசைவோடு, தேர்வாளர்களின் அறிக்கைகளையும் அவற்றுக்கு மாணவர் தந்த விளக்கத்தையும் ஆய்வேட்டோடு சேர்த்து வெளியிடுங்கள். புதிய சட்டம் தேவையில்லை. பல்கலைக்கழகத்தின் ஒரு தீர்மானம் போதும். திருத்தி எழுதச் சொல்லப்பட்ட பிள்ளைகள் அதை மறைக்கத் தேவையும் இருக்காது. நான் மதிப்பிட்ட ஆய்வேடுகளின் அறிக்கைகளை வெளியிட எனக்கு எந்தத் தடையும் இல்லை என்பதை இந்த அவையிலேயே சொல்லி வைக்கிறேன். என் நெறியாள்கையில் பட்டம் பெற்றவர்களிடமும் அவரவர் இசைவைக் கேட்டு எழுதத் தொடங்கியிருக்கிறேன்.